ஏழாவது துண்டு

அந்த நாவலை நான்தான் வெட்டினேன். காய் நறுக்கும் கத்தியால், சமையல் மேடையில் வைத்து, ஏழு துண்டாக. இலக்கியம் தெரிந்தவர்கள் கேள்விப்பட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும். ஆயிரத்துச் சொச்சம் பக்கம் எழுதியவர், இதை ஒரு கையால் எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? அவரை யாரும் கேட்கவில்லை, என்னை மட்டும் கேட்க வந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசியைக் குத்திவிட்டால் நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கத்தும், மெஷின் கத்தினால் சிஸ்டர் கத்துவார். மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். அதில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் மூக்கின் மேல் விழும். விழுந்தும் இருக்கிறது. அதற்கு அந்த வார்டில் 'செங்கல்' என்றே பெயர் வந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஷூ லேஸ் கட்டாமல் நிற்பவளுக்கும் கேட்கிற குரல் எனக்கு. கல்யாணமான புதிதில் கிண்டலாக 'பி.டி.' என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. மகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊரில் குடித்தனம் போன பிறகும் நான் அவருக்கு பி.டி.தான்.

டயாலிசிஸ் ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும். ஒருநாள் மெஷினிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் டம்ளரில் அன்றைய அளவு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். பார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்தார்.

"எனக்குப் போதும், பி.டி. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்" என்றார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். மகள் போனில் அழுதாள். "அழுதா கிட்னி முளைக்குமாம்மா?" என்று இவர் சாந்தமாகக் கேட்டுவிட்டு போனை என்னிடம் நீட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். கோபமே இல்லை. ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும் என்று தொழில் விஷயம்போலச் சொன்னார்.

மாசம் முடியும்வரைக்குமாவது வாருங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனேன். வந்தார். படுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தலைமையாசிரியை புண்ணியத்தில் அந்த நாட்களில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும், கண்ணாடி, குட்டை முடி, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. ஊசி குத்தியதும் பையிலிருந்து அந்தச் செங்கல்லை எடுத்து வயிற்றின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிடுவார். மூன்றாவதோ நான்காவதோ முறை, சலிப்பு தாங்காமல் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அப்படி அந்தச் செங்கல்லுக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"உங்களுக்குப் பிடிக்காது சார்" என்றார் பல் டாக்டர். "இதுக்குப் பொறுமை வேணும்."

போயும் போயும் இவரிடம் அதைச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் 'உங்களால் முடியாது' என்று சொன்னால் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அப்படித்தான் என்னையே கல்யாணம் பண்ணிக்கொண்டார், அது தனிக்கதை. அன்றைக்கு அந்த அம்மாவிடம் புத்தகத்தை வாங்கி முதல் அத்தியாயத்தைப் படித்தார். படித்துவிட்டுக் குப்பை என்றார். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது இந்த மொழியிலேயே தலைசிறந்த நாவல் என்றார். இவருக்கு பிரஷர் ஏறி மெஷின் கத்தியது. அந்த அம்மாவுக்கும் ஏறி அந்த மெஷினும் கத்தியது. சிஸ்டர் ஓடிவந்து இரண்டு பேரையும் வகுப்பில் பேசிய பிள்ளைகளைப்போல அதட்டினார்.

அந்த நாவல் அப்படித்தானாம். வெளிவந்த நாளிலிருந்தே படிக்கிறவர்கள் இரண்டு கட்சி. பெரிய பரிசும் வாங்கியிருக்கிறது, மேடையில் வைத்துக் கிழித்தும் போட்டிருக்கிறார்கள். ஓர் ஆற்றுத்துறை, அங்கே மூன்று தலைமுறையாக ஓடம் ஓட்டும் குடும்பம், ஆற்றின் மேல் பாலம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு. அவ்வளவுதான் கதை. அந்தப் பேச்சு வரவே இருநூறு பக்கம் ஆகிறது. அதுவரைக்கும் ஆறு ஓடுகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவர் பேசினார். மாதக்கணக்கில் என் சமையலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர், அந்த நாவலைத் திட்டித் தீர்த்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து மூடுகிற லிஃப்டை நாங்கள் ரிப்பேர் என்போம், இவர்கள் இலக்கியம் என்கிறார்கள் என்றார். கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த முறை போறப்ப அந்தம்மாவ ஒரு வழி பண்ணிடறேன்" என்றார்.

அடுத்த முறை! அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்ததைக் கேட்டுக்கொண்டு நான் ரசம் இருந்த கரண்டியோடு நின்றேன். என் வயிற்றில் பால் வார்த்தது எந்த டாக்டரும் இல்லை, அந்தச் செங்கல்தான்.

மறுநாளே பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி வாங்கிவந்து வெட்டினேன். கோணி தைக்கும் ஊசியால் ஒவ்வொரு துண்டையும் தைத்து, முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, மேலே எண் போட்டேன். கையில் பிடிக்கும் கனம் பார்த்து வெட்டினேனே தவிர, கதை பார்த்து வெட்டவில்லை. ஒரு துண்டு பாதி வாக்கியத்தில் முடியும், மீதி அடுத்த துண்டின் தலையில் இருக்கும். பல் டாக்டர் அதைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். இது கொலை என்றார். இரண்டு வாரம் கழித்து, மணிக்கட்டு வலிக்கிறது என்று தன் செங்கல்லையும் கூச்சத்தோடு என்னிடம் நீட்டினார். அதையும் வெட்டிக் கொடுத்தேன்.

மாசம் முடிந்தது. நிறுத்துவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த மாசமும் முடிந்தது. ஒரே ஒருநாள் மட்டும், இரண்டாவது துண்டை முடித்தபோது, "இந்தக் கண்றாவியை முடிச்சிட்டு ஒரு முடிவுக்கு வந்திடலாம்" என்றார். எந்த முடிவு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. அந்த வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

மூன்றாவது துண்டுக்குப் பிறகு நான் ஒரு கூத்து பண்ணினேன். அவசரத்தில் பையில் நான்காவதற்குப் பதிலாக ஐந்தாவதை வைத்துவிட்டேன். எண்ணையும் பார்க்கவில்லை, வாக்கியம் ஒட்டாததையும் கவனிக்கவில்லை, அவர் பாட்டுக்குப் படித்தார். இரண்டு முறை போய்வரும்வரை படித்தார். இப்போதுதான் கதை வேகம் பிடிக்கிறது, பரவாயில்லை, ஆள் எழுதத் தெரிந்தவர்தான் என்று தாராளமாக ஒப்புக்கொண்டார். பல் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. எந்த இடம் பிடித்தது என்று துருவித் துருவிக் கேட்டார். இவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறியது. அப்புறம்தான் நடுவில் நூற்றைம்பது பக்கம் காணாமல்போன விஷயம் வெளியே வந்தது.

அந்த வார்டில் அப்படி ஒரு சண்டையை சிஸ்டர் பார்த்திருக்க மாட்டார். நூற்றைம்பது பக்கத்தை எடுத்துவிட்டாலும் படிக்கிறவனுக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன பெரிய நாவல் என்று இவர். தெரியாமலா ஓடக்காரன் பெண்டாட்டி ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று போன வாரம் பத்து முறை கேட்டீர்கள் என்று அந்த அம்மாள். அதை எழுதியவர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இவர். சொல்லித்தான் இருக்கிறார், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, போய்ப் படியுங்கள் என்று அந்த அம்மாள். எதிர்ப்படுக்கைக்காரர்கள் மெஷினோடு ஒட்டிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தப்பு பண்ணியவள் நான். என்னை இரண்டு பேருமே திட்டவில்லை, அதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை.

நான்காவது துண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தார். அதை முடித்த அன்றைக்கு அவரிடமிருந்து சத்தமே இல்லை. சாதாரணமாகப் பக்கத்துக்கு ஒரு 'ஹூம்' வரும், அதுவும் இல்லை. எங்கே பிரஷர் இறங்கிவிட்டதோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். கண் விழித்துத்தான் இருந்தார், புத்தகம் மார்பில் கவிழ்ந்திருந்தது.

பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"இதுல ஒண்ணுமே நடக்கல, பி.டி. ஓடம் திரும்பி வரல. அவன் பெண்டாட்டி கரையில காத்துக்கிட்டிருக்கா. நூத்தம்பது பக்கமும் காத்துக்கிட்டிருக்கா. பெருக்குறா, சமைக்கிறா, மறுபடி கரைக்கு வந்து உக்கார்றா. அவ்வளவுதான்."

சரிதான், இன்றைக்குப் பல் டாக்டருக்கு நல்ல பூஜை காத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். அதன் ஒரு கால் விரிசல் விட்டு, நான் கைக்குட்டையால் கட்டிவைத்திருந்தேன்.

"இத்தனை நாளா இந்தச் சேர்ல உக்காந்து நீ என்ன பண்ற?" என்று கேட்டார்.

கோபமாகத்தான் பதில் வந்தது, எனக்கு வேறெப்படி வரும்? நாட்டியம் ஆடுகிறேன் என்றேன். அவர் ஊசி இல்லாத கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார். அப்படியே கையை அங்கேயே வைத்திருந்தார். பல் டாக்டர் தன் துண்டை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டு ரொம்ப அக்கறையாகப் படித்தார். பக்கம் மட்டும் திருப்பவில்லை.

அதன் பிறகும் அவர் கட்சி மாறிவிடவில்லை. அந்த ஒரு பகுதிக்காக மீதியை மன்னிக்க முடியாது என்பார். மன்னிக்க வேண்டாம், படியுங்கள் என்பார் அந்த அம்மாள். ஐந்தாவதை மறுபடி படித்தார், ஆறாவதைத் தொடங்கினார். அவருக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. மகளிடம் போனில் ஆற்றில் வெள்ளம் வந்த கதையைச் சொன்னார். அவள், எந்த ஊரில் வெள்ளம் என்று பதறினாள்.

ஆறாவது துண்டு பாதிக்கு மேல் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'முடிச்சிட்டு ஒரு முடிவுக்கு வந்திடலாம்' என்றாரே. இந்த மனுஷருக்குச் சொன்ன சொல் மாறிப் பழக்கம் இல்லை. ஏழாவது துண்டை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். விளையாட்டுச் சாமான் அறையில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் கிழிந்த வாலிபால் வலை. அதற்கு அடியில் வைத்துவிட்டேன். தையல் பிரிந்துவிட்டது, பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய் சொன்னதில் எனக்குக் கடுகளவும் உறுத்தல் இல்லை. இன்னும் ஏழு பொய் வேண்டுமென்றாலும் சொல்லியிருப்பேன்.

"மெதுவா வரட்டும், என்ன அவசரம்" என்றார். ஆறாவதை முடித்துவிட்டு முதல் துண்டை மறுபடி எடுத்தார். பல் டாக்டரை மடக்க ஆதாரம் திரட்டுகிறாராம்.

பல் டாக்டரிடமும் ஏழாவது துண்டு இருக்கிறதே என்ற பயம் எனக்கு. இவர் தூங்கும்போது அந்த அம்மாவிடம் போய் மெல்ல விஷயத்தைச் சொல்லி, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். தானாகவே ஒருமுறை நீட்டியதாகவும், எங்கள் வீட்டுப் பிரதியே வரட்டும் என்று இவர் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். என் பொய் இவ்வளவு கெட்டியாக நிற்கிறதே என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்துச் சாமான் அறைப் பூட்டு மக்கர் செய்தது. ஆள் தேடி அலைந்தார்கள். நான்தான், எங்கள் வீட்டில் ஒரு மெக்கானிக் சும்மா இருக்கிறார் என்றேன். வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாள் அது, முகத்தில் களை இருந்தது. நான் மைதானத்தில் கோகோ ஆட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அவர் பூட்டைக் கழற்றி, துரு சுரண்டி, எண்ணெய் போட்டு மாட்டிவிட்டுப் போனார். மாதக்கணக்கில் முதன்முதலாக ஒரு வேலை செய்திருக்கிறார். அன்று மாலை சட்டையில் இருந்த கிரீஸ் கறையைத் துவைக்க வேண்டாம் என்றார்.

பள்ளியில் பரீட்சை முடிந்து, விடுமுறை முடிந்து, மறுபடி பள்ளி திறந்தது. அவர் இரண்டாம் முறையாக நான்காவது துண்டில் இருந்தார். அப்போது பல் டாக்டருக்கு நல்ல சேதி வந்தது. அவருடைய தங்கை கிட்னி கொடுக்கிறார், எல்லாம் பொருந்திவிட்டது. கடைசி நாள் எல்லாப் படுக்கைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு, கடைசியாக எங்களிடம் வந்தார். பையிலிருந்து தன் ஏழாவது துண்டை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார்.

"ஊர் முழுக்கச் சண்டை இதோட கடைசி வரிக்குத்தான், சார். அது பெரிய சாதனையா, இல்ல நம்மள ஏமாத்துறாரான்னு. நீங்க எந்தக் கட்சின்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. முடிச்சதும் போன் பண்ணுங்க."

நான் பின்னால் நின்று ஜாடை காட்டினேன். அந்த அம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தில் என்னிடம் கொடுத்த வாக்கெல்லாம் மறந்துவிட்டது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அவரில்லாமல் என் வீட்டுக்காரர் இத்தனை நாள் இருந்திருப்பாரா? கும்பிட்டு அனுப்பினேன்.

வண்டியில் வரும்போது அந்தத் துண்டு அவர் மடியில் இருந்தது. பிடுங்கி வெளியே எறிந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. சண்டை போடவும் ஆள் இல்லை, கதையும் இன்னும் இரண்டு நாளில் முடிந்துவிடும். அப்புறம்? வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குள் போய், வேண்டாத பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன். அவர் உள்ளே வந்தார். துண்டைச் சமையல் மேடையில், அதை வெட்டிய அதே கத்திக்குப் பக்கத்தில் வைத்தார். பிரித்த அடையாளமே இல்லை.

"இதையும் அந்த வாலிபால் வலைக்கு அடியில வெச்சிடு" என்றார்.

குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. அவர்தான் அடைத்தார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். பூட்டுக்கு எண்ணெய் தேடிப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே என்றார். அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"கேட்டா குடுத்துடுவியே, பி.டி."

நான் அழுதேன். மைதானத்துக் குரலிலேயே அழுதேன், பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அவர் ஊசித் தழும்பு இருக்கிற கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டு, டாக்டரம்மாவுக்குக் கேட்டுவிடப் போகிறது, மெதுவாக அழு என்றார்.

அந்த நாவலுக்கு அத்தனை பேரும் புகழும் தகுமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அதில் நான்காவது துண்டை மட்டும்தான் படித்திருக்கிறேன். எழுதியவரை நேரில் பார்த்தால் கேட்பதற்கு நாலு கேள்வி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஏன் அதை இன்னும் ஆயிரம் பக்கம் எழுதவில்லை என்று கேட்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து, பேசலாம் என்று ஆனதும் பல் டாக்டர் முதல் வேலையாக எங்களுக்குத்தான் போன் செய்தார். குரல் மெலிந்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. சார் முடித்துவிட்டாரா, எந்தக் கட்சி என்று கேட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். காலை டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பையில் முதல் துண்டு இருந்தது.

"இன்னும் முடிக்கல, டாக்டரம்மா" என்றேன். "படிச்சுக்கிட்டே இருக்காரு."